படத்துக்குக் கீழே எழுதிய ஒரு சொல்

சில மாதங்களுக்கு முன் எடுத்த ஒரு படம் என்னை இன்னும் விடவில்லை. கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வெண்ணிறப் பூங்கொத்தைத்தான் அன்று படமெடுத்தேன். குடை விரித்ததுபோல் காம்புகள் பிரிந்து, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கடுகளவு பூக்கள் நெருங்கி நிற்கும் அந்த அமைப்பின்மீது எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் வெண்மைக்கு நடுவே நிழல்கள் கோடுகோடாக இறங்கியிருந்தன. ஓரத்துப் பூக்கள் சில வாடி மஞ்சளித்திருந்தன. முப்பது நாற்பது படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இரவில் கணினியின் பெரிய திரையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஒரு நிழற்கோடு மட்டும் மற்றவை போகும் திசைக்கு மாறாக வளைந்து செல்வது கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு கணுக்கணுவாகப் பிரிந்தது. அது ஓர் உணர்கொம்பு. அதைப் பின்தொடர்ந்து போனால் ஒரு தலை, தலைக்குப் பின்னால் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டையிட்ட முதுகு, பூக்காம்புகளைப் பற்றியிருக்கும் ஆறு கால்கள். கையெட்டும் தொலைவில் நின்று கால் மணி நேரம் பார்த்த பூவில், ஒரு விரற்கடை நீளமுள்ள வண்டு இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. வியப்பு அடங்குவதற்குள் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: பூக்களுக்குள் ஒளிந்திருக்கும் நீள்கொம்பு வண்டு.

பூச்சிகளோடு என்னைவிட நெடுங்காலம் பழகிய மூத்த நண்பர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். படம் தெளிவாக வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு கீழே இருந்த வரியின்மீது விரலை வைத்து, “ஒளிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கியே தம்பி, யாருக்குப் பயந்து?” என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவரும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்போல உறுத்தத் தொடங்கியது.

மறைவதும் ஒளிவதும் ஒன்றல்ல. மேகத்துக்குப் பின்னால் நிலவு மறைகிறது என்கிறோம். அதற்கு நிலவின் சம்மதம் வேண்டியதில்லை. ஒளிந்துகொள்கிறது என்றால் ஒளிகிறவருக்கு ஓர் அச்சமோ ஒரு தந்திரமோ இருந்தாக வேண்டும். தேடுகிறவர் ஒருவரும் எதிரில் இருந்தாக வேண்டும். பார்வையிலிருந்து தப்புவதற்கும், எல்லாவற்றையும் பார்வைக்குக் கொண்டுவரும் வெளிச்சத்துக்கும் தமிழ் ஒரே எழுத்துக்களை வைத்திருப்பது என்ன விளையாட்டோ, அது தனிக் கதை. என் வரியில் நான் போட்ட சொல், அந்த வண்டுக்கு ஒரு நோக்கத்தைக் கற்பித்துவிட்டது. அந்த நோக்கம் அதற்கு இருந்ததா என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை.

தலை கவிழ்ந்த விருந்தாளி

முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். அன்றைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். பதினொரு படங்களில் வண்டு இருந்தது. முதல் படத்தில் குடையின் விளிம்பில் இருக்கிறது, இரண்டு படங்கள் கழித்து அடுத்த சிறு கொத்துக்கு ஏறியிருக்கிறது, பிறகு நடுவில், பிறகு மறுபடி விளிம்பில். தலையைப் பூக்களுக்கு நடுவே கவிழ்த்து, உடலின் பின்பகுதியைச் சற்றே தூக்கி வைத்திருக்கிறது. கொம்புகள் ஒரு படத்தில் முன்னோக்கியும் அடுத்ததில் பக்கவாட்டிலும் வீசிக்கிடக்கின்றன. விருந்தில் பந்திக்குப் பந்தி மாறி உட்காருகிறவரைப்போல, கிடைத்த பூவிலெல்லாம் வாய் வைத்துக்கொண்டு அது நடமாடியிருக்கிறது. நான் ஒளிந்திருக்கிறது என்று எழுதியது, அந்த நடமாட்டத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு கணத்தை மட்டும் பார்த்து.

நீள்கொம்பு வண்டுகள் பெரிய குடும்பம். இதுவரை விவரிக்கப்பட்ட இனங்களே 35,000-க்கு மேல். செராம்பிசிடே என்று அதற்குப் பெயர். கிரேக்கப் புராணத்தில் வண்டாக மாற்றப்பட்ட செராம்பஸ் என்னும் இடையனின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. இந்தப் பெருங்குடும்பத்தில் லெப்டுரினே என்னும் கிளைதான் பூக்களை நாடி வருவதற்குப் பேர்போனது. தோள் அகன்று, வால்பக்கம் வரவரக் குறுகும் உடல். தலைக்குப் பின்னால் கழுத்துபோல் ஓர் ஒடுக்கம். முன்னோக்கி நீண்ட முகம். சிறு பூக்களுக்குள் நுழைந்து தேனையும் மகரந்தத்தையும் எடுப்பதற்கு இந்த முகமும் கழுத்தும் தோதாக இருக்கின்றன. அருகிலிருந்து எடுத்த ஒரு படத்தில், வாயின் ஓரத்து மயிர்களில் மகரந்தத் துகள்கள் மஞ்சள் மாவு அப்பியதுபோல் ஒட்டியிருந்தன.

அதே படத்தில் இன்னொன்றும் தெரிந்தது, அல்லது தெரியவில்லை. இந்த வண்டுகளின் பாதத்தைப் பார்த்தால் நான்கு கணுக்கள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஐந்து. மூன்றாவது கணு இரண்டு மடல்களாகப் பிளந்து விரிந்திருக்க, அந்தப் பிளவின் அடியில் நான்காவது கணு சிறு முண்டாக ஒடுங்கிக்கிடக்கிறது. என் படத்தில் ஒளிந்திருந்தது என்று சொல்லத்தக்கது அந்த ஒரு கணுதான்போலும்.

பூவில் பதுங்கியிருக்கும் உயிர்கள் இல்லாமலில்லை. மிசுமேனா வாட்டியா என்னும் நண்டுச் சிலந்தியின் பெண், வெள்ளைப் பூவிலிருந்து மஞ்சள் பூவுக்கு இடம் மாறினால், பல நாட்கள் எடுத்துக்கொண்டு தன் உடலையும் மஞ்சளாக்கிக்கொள்கிறது. அங்கே நோக்கம் தெளிவு, இரையும் தெளிவு. ஆனால் அந்த இனத்தின் உறவுகளிலும் விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. ஆஸ்திரேலியாவின் நண்டுச் சிலந்தி ஒன்று வெள்ளைப் பூவில் உட்கார்ந்தால் நமக்குத் தெரிவதேயில்லை. ஆனால் அது புற ஊதாக் கதிரைப் பிரதிபலிப்பதால், அந்தக் கதிரைக் காணக்கூடிய தேனீக்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது. 2003-இல் வெளியான ஆய்வின்படி, தேனீக்கள் வெறும் பூவைவிடச் சிலந்தி இருக்கும் பூவையே நாடிப் போயின. ஆர்க்கிட் பூவைப்போலவே இருக்கும் கும்பிடுபூச்சியும் பூக்களுக்குள் கலந்து மறைவதற்காகவே அப்படி இருக்கிறது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 2014-இல் வந்த ஆய்வோ, அது தனியாக நின்றாலே பூச்சிகளை ஈர்க்கிறது, அருகிலிருக்கும் பூவைவிட அதிகமாகவே ஈர்க்கிறது என்று காட்டியது. நம் கண்ணுக்கு மறைவாகத் தோன்றியது, வேறொரு கண்ணுக்குக் கடைவாசலில் தொங்கும் விளம்பரப் பலகை.

குளவியின் சட்டை

மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் பட்டைகளை நான் முதலில் வெயிலும் நிழலும் என்றே படித்தேன். பூச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் அதை வேறு மாதிரிப் படிப்பார்கள்: குளவி. ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் ருட்பெலா மக்குலாட்டா இப்படிப்பட்ட பட்டைகளோடுதான் வெள்ளைப் பூக்களின்மேல் வெளிப்படையாக உலவுகிறது. கிளைட்டஸ் அரியெட்டிஸ் என்னும் மற்றொரு நீள்கொம்பு வண்டு இன்னும் ஒரு படி மேலே போய், குளவியின் படபடத்த நடையையும் சேர்த்து நடிக்கிறது. அதன் கொம்புகளும் குடும்ப வழக்கத்துக்கு மாறாகக் குட்டை. குளவி வேடத்துக்கு நீண்ட கொம்பு இடைஞ்சல்தானே.

இந்த வேடத்துக்கு முதலில் விளக்கம் சொன்னவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். 1848-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுடன் அமேசானுக்குக் கப்பலேறிய பேட்ஸ், வாலஸ் திரும்பிய பிறகும் அங்கேயே தங்கி, மொத்தம் 11 ஆண்டுகள் பூச்சி சேகரித்தார். பறவைகள் தொடாத வண்ணத்துப்பூச்சிகளின் கோலத்தை, அவை விரும்பித் தின்னக்கூடிய வேறு வண்ணத்துப்பூச்சிகள் பூண்டு தப்பிப்பதை 1862-இல் எழுதினார். இன்றும் அந்த ஏற்பாடு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதிகம் பேசப்படாத செய்தி என்னவென்றால், அதே ஆண்டுகளில் அவர் அமேசான் பள்ளத்தாக்கின் நீள்கொம்பு வண்டுகளைப் பற்றியும் தொடர்ச்சியாக எழுதிவந்தார். வண்ணத்துப்பூச்சிக்குக் கிடைத்த புகழ் வண்டுக்குக் கிடைக்கவில்லை, எப்போதும் அப்படித்தான்.

என் தவறுக்கும் ஒரு முன்னோடி உண்டு. ஆபட் தேயர் என்னும் அமெரிக்க ஓவியர், விலங்குகளின் நிறங்கள் அனைத்தும் மறைவுக்காகவே என்று பிடிவாதமாக நம்பினார். வயிறு வெளுத்தும் முதுகு கறுத்தும் இருப்பது உடலின் திரட்சியை அழித்துத் தட்டையாகக் காட்டும் என்று அவர் சொன்னது இன்றும் நிற்கிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 1909-இல் மகனோடு சேர்ந்து கொண்டுவந்த நூலில், பூநாரைகளின் சிவப்பு, காலை மாலை வானத்தின் சிவப்பில் அவை கரைந்துபோவதற்கே என்று வாதிட்டார். அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகியிருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கே பொறுக்காமல், அவர் இதை மறுத்து நீண்ட கட்டுரை எழுதினார். தேயரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நல்ல கண்ணுள்ள ஓவியர். தன் கண்ணில் நிகழ்ந்ததையெல்லாம் விலங்கின் கணக்கில் எழுதிவிட்டார். நானும் ஒரு வரியில் அதையே செய்திருந்தேன்.

ஆகவே விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வண்டு ஒளியவில்லை, குளவி வேடத்தில் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வரியைத் திருத்திவிடலாம். ஆனால், தன்னைக் காட்டிக்கொண்டிருந்த ஒன்றை நான் எப்படிப் பார்க்காமல் போனேன்? அது மட்டும் தீரவில்லை.

பத்து அடி, மூன்று அடி, ஒரு சாண்

அடுத்த நாளே அந்தச் செடியிடம் திரும்பிப் போனேன். படக்கருவியை எடுத்துச் செல்லவில்லை. பத்தடி தள்ளி நின்று பூங்கொத்துக்களைப் பார்த்தேன். வெண்மை, அதன் நடுவே மங்கிய சில புள்ளிகள், வாடிய பூக்களின் பழுப்பு. ஒரு புள்ளி நகர்வதுபோல் இருந்தது, காற்றாகவும் இருக்கலாம். அடியெடுத்து வைத்து நெருங்கினேன். ஏறக்குறைய மூன்றடிக்கு வந்தபோது அந்தப் பழுப்பு சட்டென்று இரண்டாகப் பிரிந்து மஞ்சளும் கறுப்புமாயிற்று. அந்த நொடியில் என் கை பின்னுக்குப் போனது. அது வண்டு என்று எனக்குத் தெரியும். அதைத் தேடித்தான் வந்திருக்கிறேன். முந்தைய நாட்களில் மணிக்கணக்காக அதன் படத்தைப் பார்த்தவன். இருந்தும் கை என்னைக் கேட்காமல் குளவிக்குப் பயந்து பின்வாங்கிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. பின் குனிந்து ஒரு சாண் தொலைவுக்கு முகத்தைக் கொண்டுபோனேன். கொம்புகள் தெரிந்தன, பதினொரு கணுக்களையும் எண்ணலாம்போல. குளவி போய் வண்டு வந்தது. மூன்று தொலைவில் மூன்று வேறு காட்சிகள்: ஒன்றுமில்லாதது, அஞ்சத்தக்கது, அப்பாவி. வண்டு இந்த நேரம் முழுவதும் தலையைத் தூக்கவேயில்லை.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பப்பிலியோ மக்காவோன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குப் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறங்களில் கண்ணைப் பறிக்கும் கோலம் உண்டு. அந்தப் புழுவின் நிறங்களைக் கூட்டியும் குறைத்தும் படங்களாக்கி, மனிதர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. அருகில் எச்சரிக்கையாக நிற்கும் கோலம், எட்ட நின்றால் செடியோடு கலந்து மறைவுக்கும் உதவுகிறது என்பது அதன் முடிவு. மெல்லிய பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்தறியக் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் மஞ்சளும் கறுப்பும் கலந்து, இரண்டுமல்லாத ஒரு மங்கல் நிறமாகிவிடுகின்றன. ஒரே சட்டையை ஓரிடத்தில் போர்வையாகவும் மற்றோரிடத்தில் சீருடையாகவும் உடுத்தலாம் என்றால், ஒளிந்திருக்கிறதா காட்டிக்கொள்கிறதா என்ற என் கேள்வியே பாதிதான். எவ்வளவு தொலைவிலிருந்து, எந்தக் கண்ணுக்கு என்பது மீதிப் பாதி. பறவையின் கண் நம்முடையதைப்போல் மூன்று நிற உணர்வுகளோடு நிற்பதில்லை, அதற்கு நான்கு.

ஆனால் அன்று என்னை அதிகம் உலுக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். நிமிர்ந்து அடுத்த பூங்கொத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு வண்டு. அதற்கடுத்ததில் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இணைசேர்ந்தபடி. சற்றுத் தள்ளி இன்னொன்று. அவை அத்தனையும் முந்தைய நாட்களிலும் அங்கேதான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து பழைய ஆண்டுகளின் பூப்படங்களைப் புரட்டினேன். வேறு இரண்டு படங்களில், மங்கலாக, ஓரத்தில், நீள்கொம்பு வண்டுகள் இருந்தன. படங்கள் மாறவில்லை, வண்டுகள் மாறவில்லை. என்ன தேட வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பறவைகளுக்கும் இது நேர்வதை லுக் டின்பெர்கன் என்னும் டச்சுப் பறவை ஆய்வாளர் கவனித்திருக்கிறார். ஊசியிலைக் காட்டில் குஞ்சுகளுக்கு இரை தேடும் சிட்டுக்கள், ஒரு வகைப் புழு புதிதாகத் தோன்றும்போது சில நாட்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பிறகு திடீரென்று அதையே அள்ளிக்கொண்டு வருகின்றன. அவர் மறைந்த பின் 1960-இல் வெளிவந்த எழுத்தில் இதற்குத் தேடற்பிம்பம் என்று பொருள்படும் பெயரை எடுத்தாண்டிருந்தார். 1979-இல் பீட்ரெவிச்சும் காமிலும் நீல ஜே பறவைகளுக்குத் திரையில் படங்கள் காட்டிச் சோதித்தார்கள்: மரப்பட்டையில் அந்துப்பூச்சி இருந்தால் கொத்த வேண்டும், கொத்தினால் இரை. ஒரே இன அந்துப்பூச்சியைத் தொடர்ந்து காட்டியபோது பறவைகள் தேறிக்கொண்டே போயின. இரண்டு இனங்களைக் கலந்து காட்டியபோது அந்தத் தேர்ச்சி வரவில்லை. இரவில் திரையின் முன் உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த நான் அந்த நீல ஜே பறவைதான். இரை மட்டும் கிடைக்கவில்லை.

கட்டைக்குள்

நண்பரைப் பிறகு சந்தித்தபோது இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது ஒளிஞ்சிருந்த காலத்தை நீ விட்டுட்டியே” என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, இத்தனை நாளும் கண் முன்னால் இருந்ததை மறுபடியும் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பூவில் நாம் காணும் வண்டின் வயது சில வாரங்கள்தான். அதற்கு முன் அது புழுவாக, பட்டுப்போன மரத்தின் உள்ளே, இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்திருக்கிறது. மரக்கட்டை வயிற்றை நிரப்பும்; வளர்ப்பதற்கு வேண்டிய நைட்ரஜனோ அதில் மிகச் சொற்பம். அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கிறது. கட்டை உலர்ந்துவிட்டால் இன்னும் மெதுவாகிறது. வட அமெரிக்காவின் எபூரியா குவாட்ரிஜெமினாட்டா என்னும் நீள்கொம்பு வண்டு, மரத்தை அறுத்து மேசை நாற்காலியாக்கிப் பல பத்தாண்டுகள் ஆன பின்பும் அதைத் துளைத்துக்கொண்டு வெளிவந்திருக்கிறது. உள்ளே வெளிச்சம் இல்லை, நிறத்துக்கு வேலையில்லை. புழு வெளுத்து, தடித்து, தான் தின்ற வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொண்டு முன்னேறுகிறது. அங்கே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். மரங்கொத்தி தேடுகிறது. நீண்ட முட்டையிடு குழலைக் கட்டைக்குள் செலுத்திப் புழுவின்மேல் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவியும் தேடுகிறது. குளவி வேடம் பூண்டு வெளிவரப்போகிற உயிரை அது உள்ளே இருக்கும்போதே குளவி தேடிவருவதை என்னவென்று சொல்வது. யாருக்குப் பயந்து என்ற கேள்விக்கு இங்கேதான் நேரான விடை இருக்கிறது.

இதை வைத்துப் பார்க்கும்போது, நான் படமெடுத்த காலை, அந்த உயிரின் வாழ்நாளிலேயே மிகக் குறைவாக மறைந்திருந்த நேரம். வெட்டவெளியில், நல்ல வெயிலில், செடியின் உச்சியில், வெள்ளைப் பூவின்மேல் அது நின்றிருக்கிறது. அந்தப் பூங்கொத்து அதற்குச் சாப்பாட்டு இடம் மட்டுமல்ல. இணை வந்து சேரும் இடமும் அதுவே. யாருக்கும் தெரியாமல் இருப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. இருட்டில் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டுச் சில வாரங்களுக்கு வெளியே வந்ததைப் பிடித்து, ஒளிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

செடிக்குச் சற்றுத் தொலைவில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. பட்டை பாதி உரிந்துவிட்டது. அதில் வண்டுகள் வெளியேறிய துளைகள் அங்கங்கே உள்ளன. சிலவற்றின் விளிம்பு பழுத்துக் கறுத்திருக்க, இரண்டு மூன்றின் விளிம்பு மட்டும் அன்று அறுத்ததுபோல் வெளுப்பாக இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது ஓர் அழுகிய கட்டை. யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை, நண்பரைத் தவிர. அவர் அந்தப் படத்தை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கு மிக அருகே பிடித்துத் துளைகளை எண்ணினார்.

பூப்படத்தின் கீழே இருந்த வரியை மாற்றிவிட்டேன். நீள்கொம்பு வண்டு, மகரந்தம் உண்கிறது, காலை ஒன்பது மணி என்று இப்போது இருக்கிறது. கணினியில் அந்தக் கோப்பின் பெயர் மட்டும் இன்னும் ஒளிந்த வண்டு என்றே கிடக்கிறது. அதை மாற்ற ஏனோ கை வரவில்லை.